நாட்காட்டி காக்குமா?

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தமிழிலக்கணம் பயிலும் மாணவர் அறிந்த பாடம். நிலத்தை மட்டும் அறிந்து பொழுதை அறியாதவன் பாதியே அறிந்தவன். இன்று இமயத்திற்கு நடைப்பயணம் ஏற்பாடு செய்வோர் பலரின் நிலை இதுவே. நிலத்தின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பொழுதைப் பழைய நாட்காட்டியிடம் ஒப்படைத்து விடுகின்றனர். அக்டோபரில் நேபாளத்து வானம் தெளிந்திருக்கும் என்பது அவர்தம் விளம்பரம். கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் செல்வோரும் அதனை நம்பியே விடுப்பெடுக்கின்றனர். விமானச் சீட்டும் வாங்குகின்றனர்.

அந்நம்பிக்கை அடிப்படையற்றதன்று. ஜூனில் தொடங்கும் பருவமழை செப்டம்பர் இறுதியில் ஓயும். மழை கழுவிய வானில் சிகரங்கள் துலங்கும். ஆதலின் அக்டோபரும் நவம்பரும், பின்னர் மார்ச் முதல் மே வரையிலும் நடைப்பருவம் எனக் கொள்ளப்பட்டன. கணக்கு அன்று சரியே. ஆனால் அக்கணக்கு எழுதப்பட்ட நாளில் இருந்த கடலும் காற்றும் இன்று இல்லை.

2014 அக்டோபர் 12ஆம் நாள் ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரை கடந்தது. இரண்டே நாளில் அதன் எச்சம் அன்னபூர்ணா மலைப்பகுதியில் கடும் பனிப்பொழிவாய்க் கொட்டியது. 5,416 மீட்டர் உயரத்திலுள்ள தோரோங் கணவாயிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குறைந்தது 43 பேர் மாண்டனர். வெளிநாட்டுப் பயணியர் மட்டுமல்லர். வழிகாட்டிகளும் சுமைதூக்கிகளும் அவருள் அடங்குவர். புயல் ஒளிந்து வரவில்லை. அது கரை கடந்த செய்தியை உலகமே அறிந்திருந்தது. மலையில் நடந்துகொண்டிருந்தோர் பலருக்கே எச்சரிக்கை எட்டவில்லை.

அது ஒருமுறை நேர்ந்த விபத்து என்பார் உளர். 2021 அக்டோபர் நடுவில், ஓய்ந்திருக்க வேண்டிய மழை நேபாளத்திலும் உத்தராகண்டிலும் கொட்டி, முற்றிய நெல்லை மூழ்கடித்தது. மலைநடையர் சிலரும் பனியில் சிக்கி இறந்தனர். 2024 செப்டம்பர் இறுதி வெள்ளம் நேபாளத்தில் இருநூறு உயிர்களுக்கு மேல் பறித்தது. 2025 அக்டோபரில் எவரெஸ்டின் திபெத்துப் பக்கம் நூற்றுக்கணக்கானோர் பனிப்புயலில் சிக்குண்டனர். எல்லாம் "நல்ல பருவம்" எனப்பட்ட நாட்களை ஒட்டியோ, அந்நாட்களிலோ நிகழ்ந்தவை!

காரணம் மறைபொருளன்று. வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும். வெம்மையுற்ற கடல் அந்நீராவியை வாரி வழங்குகிறது. ஈரக்காற்றை மலை மேலே தள்ளிக் குளிர்விக்கிறது. அதனால் பெய்யும்போது பெருக்கெடுத்துப் பெய்கிறது.

"மலையில் புயல் என்றும் உண்டு, 1995 நவம்பரிலும் கோக்கியோ பள்ளத்தாக்கில் பனிச்சரிவு மலைநடையரைக் கொன்றதே" என வாதிடலாம். உண்மைதான். ஒவ்வொரு புயலையும் வெப்பமாற்றத்தின் கணக்கில் எழுதுவதும் முறையன்று. ஆயினும், முன்பே ஆபத்துள்ள இடத்தில் ஆபத்து வளர்கிறதென்றால் எச்சரிக்கை மிகவேண்டுமேயன்றிக் குறையலாமா?

இதில் பெருங்கொடுமை வேறொன்று. பன்னிரண்டு நாள் விடுப்பில் வருபவர் ஒரு நாள் காத்திருக்கவும் மனங்கொள்வதில்லை. பணம் கட்டியவர் முன்னேறு என்கிறார். கூலியை எண்ணும் சுமைதூக்கி மெல்லிய மேலாடையோடு பின்தொடர்கிறார். முடிவெடுப்பவர் ஒருவர், விலை கொடுப்பவர் மற்றொருவர்! உலகை வெப்பமூட்டும் வாயுக்களில் நேபாளத்தின் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. விமானமேறி வருவோர் மூட்டும் வெப்பத்தின் தண்டனையை, நடந்தே வாழ்பவர் ஏன் தலையில் சுமக்க வேண்டும்?

ஆகவே பயணத்திட்டத்தில் காத்திருப்பு நாட்கள் இடம்பெற வேண்டும். அந்நாட்களுக்கும் சுமைதூக்கிக்குக் கூலி வழங்கப்பட வேண்டும். பயணிக்குள்ள கம்பளியும் காப்புறுதியும் அவருக்கும் உரியவை. கணவாய் ஏறும் முன் அன்றைய வானிலை அறிக்கை கேட்கப்பட வேண்டும். திரும்புக என வழிகாட்டி சொன்னால் அதுவே இறுதி. இவற்றால் கட்டணம் உயருமெனில் உயரட்டும். அக்கட்டணத்தைத் தர மனமில்லாதவர் மலைக்குச் செல்லாதிருப்பதே நன்று.

பருவங்களைக் கற்பிக்கும் ஆசிரியர், அவை பெயர்ந்து வருவதையும் சேர்த்தே கற்பித்தல் கடன். மாதத்தின் பெயர் எவரையும் காப்பதில்லை. அன்றன்றைய வானத்தைப் பார்த்து நடப்பவனும், அவன் சுமையைத் தூக்குபவனும் ஒருங்கே வீடு திரும்புவதுதான் மலையேற்றத்தின் வெற்றி.