வானிலும் வரம்பு உண்டு

சென்ற மே மாத விடுமுறையில் ஒரு திருமணத்தின் பொருட்டு அரியலூர் மாவட்டம் வரதராஜன்பேட்டைக்குச் சென்றிருந்தேன். ஆண்டிமடத்தை அடுத்து, முந்திரித் தோப்புகள் சூழ அமைந்த பேரூர் அது. மணமகளின் அண்ணன் என் மாணவன். நம் கல்லூரியில் கணினி அறிவியல் பயின்றவன். பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் என்னிடம் பாடம் கேட்டவன். இப்போது துபாயில் பணிபுரிகிறான். ஆலயத்தில் மணவிழா முடிந்து, பந்தியும் முடிந்து, பந்தலோரம் அமர்ந்திருந்த வேளையில் அவனுடைய தந்தையார் என்னிடம் ஒரு முறையீட்டை வைத்தார்.

"ஐயா, நீங்களாவது இவனுக்குப் புத்தி சொல்லுங்க. சம்பாதிக்கிற காசைக் கொடுத்து ஆகாயத்துலேருந்து குதிக்கிறானாம். முந்திரிகூடப் பழுத்தாத்தான் விழும். இவன் பிஞ்சுலேயே விழுறேங்கிறான்."

சுற்றியிருந்தோர் சிரித்தனர், நானும் சிரித்தேன். ஆனால் அம்முதியவர் சிரிக்கவில்லை. மகனை அழைத்து அருகில் அமர்த்தி, நடந்ததைக் கேட்டேன். புத்தி சொல்லப் போனவன் பாடம் கேட்டுத் திரும்பினேன் என்பதே உண்மை. அதனைத்தான் இம்மலரில் மாணவச் செல்வங்களோடும் உடன் பணிபுரியும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

வான்குதித்தல் என்றவுடன் கட்டுக்கடங்காத துணிச்சலே நம் நினைவுக்கு வருகிறது. அவன் விளக்கக் கேட்டபோதோ, அது முழுக்க முழுக்கக் கட்டுப்பாடுகளால் ஆன கலை என்பது புலனாயிற்று. ஏறத்தாழ 13,000 அடி உயரத்தில் விமானத்தின் கதவு திறக்கிறது. குதித்தவர் பத்துப் பன்னிரண்டு விநாடிகளில் மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தை எட்டுகிறார். அதன்பின் காற்றின் எதிர்ப்பு உடலின் எடைக்கு ஈடாகிவிடுவதால் வேகம் கூடுவதில்லை. ஆயினும் ஐந்தரை விநாடிக்கு ஆயிரம் அடி என்ற கணக்கில் நிலம் அவரை நோக்கி வந்துகொண்டேயிருக்கிறது. கையில் கட்டிய உயரமானி ஒன்றே துணை. பயிற்சி மாணவரும் தொடக்க நிலை உரிமம் பெற்றவரும் 3,000 அடிக்குக் கீழே வருமுன் குடையை விரித்துவிட வேண்டும் என்பது அமெரிக்க வான்குடைச் சங்கம் வகுத்துள்ள விதி. விரிந்த குடையில் கோளாறு காணப்படின், அதனைக் கழற்றிவிட்டு மாற்றுக் குடையை விரிப்பது என்னும் முடிவை 2,500 அடிக்குள் எடுத்தாக வேண்டும். குடை சற்றும் விரியாமல் அந்த உயரத்தை அடைபவருக்கும் தரைக்கும் இடையே இருப்பவை 14 விநாடிகள்தாம்.

இவ்விதிகளுள் ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது. கைதேர்ந்தவர் 2,500 அடிவரை வந்து குடையை விரிக்கலாம். புதியவருக்கோ 3,000 அடி. இடைப்பட்டது 500 அடி. காலத்தில் கணக்கிட்டால் மூன்று விநாடிக்கும் குறைவு. அந்த மூன்று விநாடி எதற்காக? பயிலாத கை தடுமாறும், பயிலாத கண் உயரமானியைப் பார்க்க மறக்கும் என்பதை முன்னரே உணர்ந்து, அத்தடுமாற்றத்துக்கென்றே ஒதுக்கி வைத்த இடம் அது. புதியவன் தவறுவான் என்பதைக் குற்றமாகக் கொள்ளாமல் கணக்கில் கொண்டு வகுத்த விதி. (நம் தேர்வு முறைகளில் இத்தகைய கருணையை நான் கண்டதில்லை.)

காற்றுக்கும் ஒரு வரம்பு உண்டு. தனித்துக் குதிக்கும் மாணவருக்குத் தரைக்காற்று மணிக்கு 14 மைலைத் தாண்டலாகாது. இந்த இடத்தில்தான் என் மாணவனின் கதை தொடங்குகிறது. முதல் சில குதிப்புகளில் பயிற்றுநர் உடன் குதித்தார். பின்னர் தனித்துக் குதித்த ஒரு நாளில், இறங்கும்போது காற்று இழுத்துச் சென்றதால் கணுக்கால் பிசகியது. இரண்டு வாரங்கள் கழித்து மீண்டும் விமானம் ஏறினான். அன்று தரைக்காற்று 12 மைல், விதிக்கு உட்பட்டதே. உடன் வந்தோர் ஒவ்வொருவராகக் குதித்தனர். அவன் முறை வந்தது. பயிற்றுநரிடம், இன்று தன்னால் இயலாது என்று கூறினான். அவர் காரணம் கேட்கவில்லை. தோளைத் தட்டி அமரச் சொன்னார். கதவு மூடப்பட்டது. ஏறிய விமானத்திலேயே கீழிறங்கினான். கட்டிய பணம் திரும்பவில்லை.

அறை நண்பர்கள் பல நாள் நகைத்தார்களாம், காசு கொடுத்து ஆகாயத்தில் வலம் வந்தவன் என்று. அவன் அதனைக் கூறியபோது குரலில் நாணம் இருந்தது. தந்தையாரின் முகத்திலோ அன்றைக்கு முதன்முறையாக ஒளி படர்ந்தது. "இறங்கிட்டியா? அதை எங்கிட்டச் சொல்லவே இல்லையே!" என்றார்.

அந்த நாணம்தான் என்னைச் சிந்திக்க வைத்தது. புதியவருக்கு எல்லைகள் இரண்டு. ஒன்று, விதி வரையும் எல்லை. அது அடியிலும் மைலிலும் அளக்கப்படுவது, எல்லார்க்கும் பொது. மற்றொன்று, மனம் ஒப்பும் அளவு. அது ஒருவர்க்கொன்று, நாளுக்கொன்று. பிசகிய கணுக்கால் உடையவனுக்கு 12 மைல் காற்று, விதி எதுவாயினும், மிகுதியே. விதி அனுமதிக்கும் உச்சத்தைக் கட்டாயமாகக் கொள்வது பிழை. இரண்டு எல்லைகளுள் எது குறைவோ அதுவே அன்றைய எல்லை. இதனை அவன் 13,000 அடி உயரத்தில், அனைவரும் பார்த்திருக்கத் தானே கண்டுகொண்டான். குதித்த குதிப்புகள் அத்தனையையும்விட, குதியாத அந்த ஒன்றையே நான் மேலானதாகக் கருதுகிறேன்.

இவ்வுரிமை மறுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழகம் அறியாததன்று. 2018 ஜூலை 12 அன்று கோவையை அடுத்த ஒரு கல்லூரியில் பேரிடர் மீட்புப் பயிற்சி நடைபெற்றது. இரண்டாம் மாடியின் விளிம்பில் அமர்ந்த 19 வயது மாணவி, கீழே மாணவர்கள் விரித்துப் பிடித்திருந்த வலையில் குதிக்கத் தயங்கினார். பயிற்றுநர் அவரைத் தள்ளினார். கீழ்த்தளத்துச் சன்ஷேடில் தலை மோதி அம்மாணவி உயிரிழந்தார். அவருக்குப் பயிற்சியளிக்கத் தாங்கள் அங்கீகாரம் அளிக்கவில்லை என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பின்னர் அறிவித்தது. அங்கீகாரம் இருந்திருந்தால் மட்டும் தள்ளியது சரியாகிவிடுமா? அந்தக் காணொளியைக் கண்டோர், அவர் பின்வாங்க முயன்றதை மறந்திருக்க முடியாது. அச்சம் கொண்டவரைத் தள்ளிவிட்டால் அச்சம் தெளிந்துவிடும் என்னும் எண்ணம் நம் ஆசிரிய உலகில் ஆழ வேரூன்றியிருக்கிறது. நீச்சல் கற்பிப்போர் கிணற்றில் தள்ளுவர். நாம் மேடையில் தள்ளுகிறோம். அஞ்சும் பிள்ளை கோழை என்பது நம் தீர்ப்பு. அஞ்சத்தக்கதற்கு அஞ்சுவதை அறிவுடையார் தொழிலாகக் கூறிய வள்ளுவரை வகுப்பில் மனப்பாடம் செய்வித்துவிட்டு, வெளியே வந்து இப்படித் தீர்ப்பளிக்கிறோம்.

பறக்க விழைந்தோர் வரலாற்றில் நம்மவர் பங்கு பெரிது. ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபாவில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் சிறகு கட்டிப் பறந்ததைப் பிற்கால வரலாற்றாசிரியர் அல்மக்கரீ குறித்துள்ளார். சந்திரனில் உள்ள ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டிருப்பதை எடுத்துரைத்து நாம் பெருமை கொள்கிறோம். அல்மக்கரீ கூறும் மற்றொரு செய்தியை மட்டும் மேடைகளில் விட்டுவிடுகிறோம்: இறங்கும்போது அவர் முதுகில் காயமுற்றார், பறவை இறங்குவதற்கு வாலும் வேண்டும் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. மேலெழுவதை ஆராய்ந்தவர் கீழிறங்குவதை ஆராயவில்லை. ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின், 'அஸ்ஸிஹாஹ்' என்னும் பேரகராதியைத் தொகுத்த அல்ஜவ்ஹரீ, நைசாபூரில் பள்ளிவாசல் கூரையிலிருந்து மரச்சிறகுகளுடன் பாய்ந்து உயிர் துறந்தார் என்பர். சொற்களின் எல்லையை அத்துணை நுட்பமாக வரையறுத்தவர் தம் எல்லையை அறியாது போனார். அகராதியோடு வாழும் எம் போன்றோர்க்கு அச்செய்தியில் தனி வருத்தம் உண்டு.

நம் சிந்தாமணி காட்டும் காட்சி வேறு. சச்சந்தன் மயிற்பொறியைச் செய்வித்தவுடன் விசயையை அதில் ஏற்றித் தனியே அனுப்பிவிடவில்லை. முன்னரே அவள் அதனை இயக்கப் பயில்கிறாள். வலமாகத் திருகினால் மேலெழும், இடமாகத் திருகினால் கீழிறங்கும் என்று இரண்டையும் கற்கிறாள். பகைவனின் வெற்றி முரசு கேட்டு அவள் மயங்கியபோதும் பொறி சுடுகாட்டில் தரையிறங்கியது, சீவகன் பிறந்தான். திருத்தக்கதேவர் இறங்குதலை மறக்கவில்லை.

இக்காலத்துச் செய்தி ஒன்றையும் கூற வேண்டும். 1979இல் வான்குதித்தலைத் தொடங்கிய இந்தியப் பெண்மணி ரேச்சல் தாமஸ், 2002இல் வடதுருவத்தில் குதித்தார். இடையே இருபதாண்டுகளுக்கு மேற்பட்ட பயிற்சி. 2004 ஏப்ரலில் புணேயைச் சேர்ந்த சீத்தல் மகாஜன், தம் முதல் குதிப்பையே வடதுருவத்தில், உறைநிலைக்குக் கீழே 37 பாகைக் குளிரில் நிகழ்த்தினார். இரண்டாவது செய்தியே நம்மை வியக்க வைக்கிறது. அந்த வியப்பை நான் மறுக்கவில்லை. அவர் பின்னர் இத்துறையில் பெரும் புகழ் பெற்றார். ஆயினும் என் மாணவரிடம் எடுத்துரைக்க ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், முந்தையதையே தேர்வேன். 2014இல் நம் சேலம் விமான நிலையத்தில் வான்குதிப்புப் பயிற்சிக்கு வந்த ஓர் இளம்பெண் குடை உரியவாறு விரியாமையால் இறந்ததை மறந்து பேச என்னால் இயலவில்லை.

ஒன்றை இங்கே தெளிவுபடுத்த வேண்டும். மனம் ஒப்புகிறது என்பதனாலேயே ஒரு செயல் பாதுகாப்பானதாகிவிடாது. இத்துறையில் நேரும் மரணங்களுள் பல, புதியவர்க்கு நேர்பவை அல்ல. குடை விரியாமையால் நேர்பவையும் அல்ல. நூற்றுக்கணக்கில் குதித்துத் தேர்ந்தவர்கள், நன்றாக விரிந்த குடையுடன், விரைவை நாடிச் சிறிய குடையைத் தேர்ந்து, தரைக்கருகே சடுதியில் திருப்பி, மோதி இறப்பதே அடிக்கடி நிகழ்கிறது. அவர்களிடம் அச்சம் தேய்ந்துவிட்டது. மனத்தின் எல்லை விதியின் எல்லையைத் தாண்டி அகன்றுவிட்டது. மாணவனை மனம் தடுத்தது, இவர்களைத் தடுக்க விதி ஒன்றே எஞ்சியிருந்தது, அதனையும் மீறினர். ஆகவேதான் இரண்டில் குறைந்ததைக் கொள்க என்கிறேன். இறைவன் மீது பொறுப்பைச் சாட்டுவதா, ஒட்டகத்தைக் கட்டுவதா என்று வினவிய அன்பருக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அளித்த விடையை நாம் அனைவரும் அறிவோம். கயிறு கையில் இருக்கும்போது கட்டாமல் விடுவதற்குத் தவக்குல் என்று பெயரிடலாகாது.

நம் கல்லூரியிலிருந்தும் ஆண்டுதோறும் தேசிய மாணவர் படை முகாம்களுக்கும் மலையேற்றப் பயிற்சிகளுக்கும் மாணவர்கள் செல்கின்றனர். செல்லுமுன் ஓர் ஒப்புதல் படிவம் நிரப்பப்படுகிறது. அதில் பெற்றோர் கையொப்பம் உண்டு. ஏதேனும் நேரின் நிறுவனம் பொறுப்பன்று என்னும் வாசகம் உண்டு. துறைத்தலைவர் முத்திரையும் உண்டு. விரும்பாத பயிற்சியை எந்த நிலையிலும் மறுக்க மாணவருக்கு உரிமை உண்டு, மறுத்தமைக்காக மதிப்பெண்ணோ சான்றிதழோ குறைக்கப்படாது என்னும் ஒரு வரி இல்லை. அவ்வரியைச் சேர்க்க வேண்டும் என்று ஆசிரியர் கூட்டத்தில் கேட்கவிருக்கிறேன். அப்படியானால் எல்லாப் பிள்ளைகளும் மறுத்துவிடுவார்களே என்று அன்பர் ஒருவர் இப்போதே கூறிவிட்டார். என் மாணவன் இறங்கி வந்ததற்கு அடுத்த மாதம் மீண்டும் ஏறினான், காற்று எட்டு மைலாக இருந்த ஒரு காலையில் குதித்தான், நின்றபடியே தரையிறங்கினான். கதவருகே மறுக்கலாம் என்பது தெரிந்திருந்தமையால்தான் மறுபடி ஏறத் துணிந்ததாக அவனே சொன்னான்.

மாலையில் விடைபெற்றபோது அவனுடைய தந்தையார் ஒரு பை முந்திரிப் பருப்பைக் கையில் திணித்து, பேருந்து நிறுத்தம்வரை உடன் வந்தார். இனிக் குதிக்கவே கூடாது என்று மகனுக்கு நான் கூற வேண்டும் என்பதுதான் காலையில் அவர் வேண்டுகோள். பேருந்து வரும்போது அது மாறியிருந்தது.

"சரியில்லேன்னு தோணிச்சுன்னா அந்த விமானத்துலேயே பேசாம இறங்கி வந்துரச் சொல்லுங்க ஐயா. போன காசு போவட்டும். நான் ஒண்ணும் கேலி பண்ண மாட்டேன்."

அன்றிரவே அவனுக்கு அதை அப்படியே எழுதி அனுப்பினேன்.