சும்மா உட்கார்ந்திருக்கவில்லை!

போட்டி தொடங்கிவிட்டது. கம்ப்யூட்டர் முன்னால் மகள் உட்கார்ந்திருக்கிறாள். கையில் பென்சில். எதிரே வெள்ளைத் தாள். கால் மணி நேரம் ஆகியும் ஓர் எழுத்துகூடத் தட்டவில்லை.

"என்னம்மா, சும்மா உட்கார்ந்திருக்கிறாய்?" என்று அதட்டுகிறார் அப்பா.

அதட்டாதீர்கள், ஐயா! அவள் செய்வதுதான் சரி.

கம்ப்யூட்டருக்கு நாம் எழுதித் தரும் கட்டளைகளுக்குப் 'புரோகிராம்' என்று பெயர். இதை எழுதும் போட்டிகள் இன்டர்நெட்டில் நடக்கின்றன. ஒரு கணக்கு கொடுப்பார்கள். கம்ப்யூட்டர் அதைக் குறித்த நேரத்துக்குள் போட்டு முடிக்க வழி எழுத வேண்டும்.

கம்ப்யூட்டர்தான் வேகமானது ஆயிற்றே, யோசனை எதற்கு?

ஒரு கணக்கைப் பாருங்கள். கடையில் 2 லட்சம் சாமான்கள். சரியாக 1,000 ரூபாய்க்கு இரண்டு சாமான்கள் வாங்க முடியுமா? 2 விநாடியில் விடை வேண்டும்.

ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் கூட்டிப் பார்த்தால், ஏறக்குறைய 2,000 கோடி ஜோடிகள் வரும். விநாடிக்குச் சுமார் 10 கோடி கூட்டல் என்று வைத்தாலும் 200 விநாடி ஆகும். தோல்விதான்!

இரண்டு விரல் போதும்

வேறு வழி உண்டு. முதலில் விலைகளைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்துங்கள். இதற்குச் சுமார் 36 லட்சம் ஒப்பீடுகள் போதும். பிறகு ஒரு விரலை மிகக் குறைந்த விலையிலும், மற்றொரு விரலை மிக அதிக விலையிலும் வையுங்கள். இரண்டையும் கூட்டுங்கள். தொகை கூடினால், பெரிய விலையில் உள்ள விரலை ஓர் இடம் உள்ளே தள்ளுங்கள். குறைந்தால், சின்ன விலையில் உள்ள விரலைத் தள்ளுங்கள். விரல்கள் சந்திப்பதற்குள் விடை தெரிந்துவிடும். 2 லட்சம் கூட்டலுக்குள் வேலை முடிந்தது!

கம்ப்யூட்டர் அதேதான். வழிதான் வேறு. அந்த வழி தாளில் பிறந்தது.

மூவருக்கு ஒரு கம்ப்யூட்டர்

கல்லூரி மாணவர்களுக்கான 'ஐ.சி.பி.சி.' என்ற உலகப் போட்டியில் மூன்று பேருக்கு ஒரே கம்ப்யூட்டர்தான். ஐந்து மணி நேரம் அவகாசம். ஒருவர் தட்டும்போது மற்ற இருவரும் தாளில் யோசிப்பார்கள். அவசரப்பட்டுத் தவறான விடை கொடுத்துவிட்டு, பிறகு சரி செய்தாலும், தவறு ஒன்றுக்கு 20 நிமிடம் தண்டம் உண்டு.

2015-ல் மொராக்கோ நாட்டின் மராகேஷ் நகரில் இதன் இறுதிப் போட்டி நடந்தது. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த ஐ.டி.எம்.ஓ. பல்கலைக்கழகக் குழு, 13 கணக்குகளையும் போட்டு முதலிடம் பெற்றது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

போட்டி முடிந்ததும், "எத்தனையாவது இடம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எந்தக் கணக்கு வரவில்லை?" என்று கேளுங்கள். மறுநாள் அதை மறுபடி போடச் சொல்லுங்கள். இப்போது செயற்கை அறிவு நொடியில் விடை எழுதித் தருகிறது. பார்த்து எழுதினால் விடை கிடைக்கும். யோசிக்கும் பழக்கம் கிடைக்காது. நாளை வேலையிலும் வாழ்க்கையிலும் கைகொடுப்பது அந்தப் பழக்கம்தான்.

ஆகவே, பிள்ளை தாளும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தால், அதட்ட வேண்டாம். ஒரு டம்ளர் காப்பியை மேஜையில் வைத்துவிட்டு, சத்தம் போடாமல் வந்துவிடுங்கள்!