ஒரு நாள் புகைதானே?

போகியன்று விடியற்காலையில் தெருவில் டயரைப் போட்டுக் கொளுத்துகிறவரிடம், "ஏனய்யா இப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒரு நாள் புகைதானே! இதனால் குடியா முழுகிவிடும்?" என்பார்.

அவர் கெட்டவர் அல்ல. வருஷம் முழுவதும் பஸ் புகையும் லாரிப் புகையும் குடிக்கிறோம், இன்று கொஞ்சம் கூடக் குடித்தால் என்ன என்பது அவர் எண்ணம். ஒரு காலத்தில் லண்டன் நகரத்து ஜனங்களுக்கும் புகை அப்படிப் பழகிப்போன விஷயமாகத்தான் இருந்தது. ஐந்தே நாட்களில் அதற்கு அவர்கள் கொடுத்த விலை, ஆயிரக்கணக்கான உயிர்கள்.

1952-ம் வருஷம் டிசம்பர் 5-ந் தேதி, வெள்ளிக்கிழமை. லண்டனில் கடுங்குளிர். வீட்டுக்கு வீடு கணப்பு எரிந்தது. கணப்பில் போட்டது மட்டமான நிலக்கரி. ஆலைகளிலும் மின்சார நிலையங்களிலும் எரிந்தது நிலக்கரிதான். சாதாரணமாக இந்தப் புகையெல்லாம் மேலே போய்க் கலைந்துவிடும். அன்று கலையவில்லை. காற்று அசையவே இல்லை. தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று, அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று. சோற்றுப் பானைக்கு மூடி போட்ட மாதிரி ஆகிவிட்டது. ஊர்ப் புகை முழுவதும் மூடிக்குக் கீழே அடைபட்டது. மூடுபனியும் அதனுடன் சேர்ந்துகொண்டது.

பட்டப்பகலில் இருட்டு. நடந்து போகிறவர்களுக்குத் தங்கள் கால் தங்களுக்கே தெரியவில்லை. பஸ்ஸுக்கு முன்னால் கண்டக்டர் விளக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பிறகு பஸ்களே நின்றுபோயின. ஆம்புலன்ஸ் வண்டிகளும் ஓட முடியவில்லை. ஒரு நாடக அரங்கத்தில் புகை உள்ளே புகுந்ததால் இசை நாடகத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். கண்காட்சிக்குக் கொண்டுவந்திருந்த கொழுத்த மாடுகள் சில மூச்சுத் திணறிச் செத்தன.

மாடு செத்தது உடனே தெரிந்துவிட்டது. மனிதர்கள் சாவது தெரியவில்லை! தெருவில் கூட்டம் கூட்டமாக விழுந்து செத்திருந்தால் தெரிந்திருக்கும். இங்கே ஒரு வீட்டில் ஒரு தாத்தா, அடுத்த தெருவில் ஒரு பாட்டி, வேறொரு வீட்டில் ஒரு கைக்குழந்தை. சவப்பெட்டி செய்கிறவர்களிடம் பெட்டி தீர்ந்துவிட்டது. பூக்கடைகளில் பூ தீர்ந்துவிட்டது. ஊரில் ஏதோ நடக்கிறது என்று பிறகுதான் புரிந்தது.

டிசம்பர் 9-ந் தேதி காற்று வீசியது. புகை போயிற்று. கணக்குப் பார்த்தபோது வழக்கத்தைவிட சுமார் 4,000 பேர் அதிகமாக இறந்திருந்தார்கள். புகை கலைந்த பிறகும் வாரக்கணக்கில் சாவு குறையவில்லை. அதற்கு விஷக் காய்ச்சல்தான் காரணம் என்று அப்போது சர்க்கார் தரப்பில் சொன்னார்கள். பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் அந்தச் சாவுகளையும் சேர்த்து, மொத்தம் 12,000 வரை இருக்கும் என்கிறார்கள்.

இதற்கு முன்பே எச்சரிக்கை இல்லாமல் இல்லை. 1930-ல் பெல்ஜியத்தில் மியூஸ் என்ற ஆற்றுப் பள்ளத்தாக்கிலும், 1948-ல் அமெரிக்காவில் டொனோரா என்ற சிற்றூரிலும் இதே போல ஆலைப் புகை அடைபட்டுச் சில நாட்களில் பலர் இறந்தார்கள். யாரோ எங்கோ என்று உலகம் விட்டுவிட்டது. லண்டனில் நடந்த பிறகுதான் 1956-ல் பிரிட்டனில் புகையைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது.

உள்ளே என்ன நடக்கிறது?

கண்ணுக்குத் தெரிகிற கரியை மூக்கும் தொண்டையும் ஓரளவு தடுத்துவிடும். சளியோடு வெளியே வந்துவிடும். ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாத தூசி. நம் தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத துகள். அது நுரையீரலின் அடி வரைக்கும் போகிறது. அதிலும் மிக நுண்ணியது ரத்தத்திலேயே கலந்துவிடுகிறது.

ஆஸ்த்மா உள்ள குழந்தைக்கு மூச்சுக் குழாய் சுருங்கி இழுப்பு வருகிறது. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் புகை இருதயத்தையும் தாக்கும் என்பது பலருக்குத் தெரியாது. ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. ரத்தம் உறையும் தன்மை அதிகமாகிறது. ஏற்கெனவே அடைப்பு உள்ளவருக்குச் சில மணி நேரப் புகையே மாரடைப்பில் கொண்டுபோய் விடலாம். அன்றைக்கு வராவிட்டாலும் அடுத்த இரண்டொரு நாளில் வரலாம். அப்போது யாரும் புகையைக் குற்றம் சொல்வதில்லை. "வயதாகிவிட்டது, போய்விட்டார்" என்கிறோம்.

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் இந்த நுண்தூசிக்கு வருஷத்துக்கு ஓர் அளவும், ஒரு நாளைக்குத் தனியாக ஓர் அளவும் சொல்லியிருக்கிறது. ஒரு கன மீட்டர் காற்றில், 24 மணி நேரச் சராசரியாக, 15 மைக்ரோகிராம். ஒரு நாள் புகையால் கெடுதல் இல்லையென்றால் ஒரு நாளைக்கென்று தனி அளவு எதற்கு? நம் நாட்டுச் சட்டம் 60 வரை விடுகிறது. நான்கு மடங்கு! நம் நெஞ்சு என்ன இரும்பாலா செய்தது?

போகி வருகிறது

சென்னையில் லண்டன் மாதிரியே நடந்துவிடும் என்று நாம் பயமுறுத்தவில்லை. அது ஐந்து நாள் அடைபட்ட கந்தகப் புகை. போகிப் புகை வெயில் ஏறினால் கலைந்துவிடும். ஆனால் போகி வருவது மார்கழியின் கடைசி நாள். பனி கொட்டும் விடியற்காலை. லண்டனில் விழுந்த அதே மூடி, சிறிய அளவில், நம் தலைக்கு மேலும் விழுகிறது. 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதையே தெரியாமல் விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திரும்பிப் போனது நினைவிருக்கும். விமானம் திரும்பிப் போய்விடும். வீட்டில் படுத்திருக்கும் தாத்தா எங்கே போவார்?

நம் பாட்டனார் காலத்தில் கொளுத்தியது கிழிந்த பாயும், தேய்ந்த துடைப்பமும், பழைய ஓலையும். இன்று கொளுத்துவது டயர், பிளாஸ்டிக், மெத்தைப் பஞ்சு. இதைப் பழைய வழக்கம் என்று சொல்வது அந்தப் பாட்டனாருக்கே அடுக்காது. பிள்ளைகள் கொட்டு அடிக்கட்டும். வீட்டைக் கழுவி, வெள்ளையடித்து, கோலம் போடுங்கள். டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தாதீர்கள். சமீப வருஷங்களில் சென்னை மாநகராட்சியே போகிக்கு முன் பழைய சாமான்களை வாங்கிக்கொள்கிறது. எல்லா ஊர் நகராட்சியும் இதைச் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் நாம் கேட்க வேண்டும்.

பக்கத்துத் தெருக்காரர் கொளுத்தினால்? அன்று காலை ஜன்னலைச் சாத்தி வையுங்கள். நாற்றம் போகட்டும் என்று சாம்பிராணி போடாதீர்கள். அதுவும் புகைதான். கொசுவர்த்திச் சுருளும் வேண்டாம். வெயில் நன்றாக ஏறும் வரை பெரியவர்கள் நடைப் பயிற்சிக்குப் போகாமல் இருப்பது நல்லது. நனைத்த கைக்குட்டை நுண்தூசியைத் தடுக்காது. வெளியே போயே தீரவேண்டுமானால் என்-95 முகக்கவசம், இடைவெளி இல்லாமல் பொருந்தும்படி போட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்த்மாக்காரர்களின் இன்ஹேலரில் மருந்து இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். பண்டிகை நாளில் கடையைத் தேடி அலைய வேண்டாம்.

நெஞ்சை அழுத்துகிறது, மூச்சு வாங்குகிறது என்று யாராவது சொன்னால், "புகைதான், வெயில் வந்தால் சரியாகிவிடும்" என்று காத்திருக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள்.