இடம் மாறலாம், பேச்சு மாறலாமோ?



"பொன்னியின் செல்வன் படம் பார்த்தாச்சுத்தானே, பிறகேன் அந்தப் பெரிய புத்தகம்?" பல வீடுகளில் பிள்ளைகள் கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்விதான். கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதி, ஐந்து பாகங்களாக வந்த கதையை மணிரத்னம் 2022இலும் 2023இலும் இரண்டு படங்களாகத் தந்தார். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்தரை மணித்தியாலம். அதற்குள் அடக்குவதென்றால் எதையாவது விடத்தான் வேண்டும். கந்தமாறனின் தங்கை மணிமேகலை படத்தில் இல்லவே இல்லை. நாவலில் ஒருவர் மனதுக்குள் நினைப்பதை ஆசிரியர் எழுதிவிடலாம். படத்திலோ அதை முகமும் பேச்சும்தான் காட்டவேண்டும். ஆகவே நாவல் படமாகும்போது மாற்றம் வருவது குற்றமல்ல. எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பதே கேள்வி.

இதற்கு எங்கள் மண்ணிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. செங்கை ஆழியான் எழுதிய 'வாடைக்காற்று' நாவல் 1973இல் வெளிவந்தது. வாடைக்காற்றுக் காலத்தில் நெடுந்தீவுக் கரைக்கு வந்து, வாடி போட்டுத் தொழில் செய்யும் மீனவர்களுக்கும் தீவு மக்களுக்கும் இடையில் எழுகிற காதலும் பகையும்தான் கதை. 1978இல் பிரேம்நாத் மொறாயஸ் அதைப் படமாக இயக்கினார். ஏ. ஈ. மனோகரன், டொக்டர் இந்திரகுமார், சந்திரகலா, ஆனந்தராணி ஆகியோர் நடித்தார்கள். 'அண்ணை றைற்' புகழ் கே. எஸ். பாலச்சந்திரனும் நடித்தார்.

நாவலில் வருவது நெடுந்தீவு. படப்பிடிப்பு நடந்ததோ மன்னார்ப் பக்கத்துப் பேசாலையில். கரை மாறியது, ஆனால் பேச்சு மாறவில்லை. அதற்கு முன் இலங்கையில் எடுத்த தமிழ்ப் படங்கள் பலவற்றில் ஆட்கள் தமிழகப் படங்களில் வருபவர்களைப் போலவே பேச முயன்றார்கள். 'வாடைக்காற்று' படத்தில் எங்கள் கடற்கரைச் சனம் எங்கள் தமிழிலேயே கதைத்தது. அந்தப் படத்தை இன்றும் நினைவில் வைத்திருப்பவர்கள் முதலில் சொல்வதும் அதைத்தான்.

இனி நாங்கள் வந்து சேர்ந்த இடத்துக்கு வருவோம். த பேசினிலிருந்து மலைப்பாதையில் ஏறினால் சசாஃப்ராஸ் வரும். அதற்கு அப்பால் கலிஸ்ரா. அங்கேதான் சி. ஜே. டெனிஸ் என்ற கவிஞர், ஒரு நண்பரின் காணியில் நின்ற பழைய குதிரை பஸ் ஒன்றுக்குள் தங்கியிருந்து, தன் கவிதைக் கதையை எழுதி முடித்தார். 'சென்டிமென்டல் புளோக்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தப் புத்தகம் 1915இல் வெளிவந்தது. மெல்பேர்ண் தெருக்களில் சண்டித்தனம் செய்து திரிந்த ஒருவன் காதலால் திருந்தும் கதை. முழுக்க முழுக்கத் தெருப் பேச்சு. அவுஸ்திரேலியருக்கே எல்லாம் விளங்காது என்று, புத்தகத்தின் கடைசியில் சொல் விளக்கமும் சேர்த்தார்கள்.

1919இல் ரேமண்ட் லோங்ஃபோர்ட் அதை ஊமைப் படமாக்கினார். மெல்பேர்ண் கதையைச் சிட்னியின் வூலமூலூப் பகுதியில் எடுத்தார். ஆனால் திரையில் வந்த எழுத்துகளில் டெனிஸின் அதே தெருப் பேச்சை விட்டுவைத்தார். படம் இங்கே பிரமாதமாக ஓடியது. அமெரிக்காவுக்கு அனுப்பும்போதோ, அங்குள்ளவர்களுக்கு விளங்கட்டும் என்று அந்த வரிகளை அமெரிக்கப் பேச்சாக மாற்றினார்கள். அங்கே படம் எடுபடவில்லை.

இதை ஏன் சொல்கிறேன்? எங்கள் பிள்ளைகள் கேட்கும் தமிழில் பாதிக்கு மேல் சினிமாத் தமிழ். "கதைக்கிறது" என்று சொல்லக் கூச்சப்பட்டு "பேசறது" என்கிறார்கள். வீட்டுத் தமிழ் பிழையான தமிழ் என்று நினைக்கிற பிள்ளை, நாளைக்கு அம்மம்மாவோடு கதைக்கவும் பின்வாங்கும். பிறகு புத்தகமும் இல்லை, பேச்சும் இல்லை.

ஆகவே படத்தைத் தடுக்காதீர்கள். படத்தையே வாசலாக்குங்கள். பிள்ளையோடு இருந்து படத்தைப் பாருங்கள். பார்த்த காட்சி ஒன்றை அடுத்த நாள் புத்தகத்தில் தேடி, பத்து நிமிடம் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். "இதிலே எது படத்தில் இல்லை?" என்று கேளுங்கள். துப்பறிவது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பிறகு 'வாடைக்காற்று' நாவலில் ஓர் அத்தியாயத்தை எடுத்து, அம்மம்மாவையோ அப்பப்பாவையோ வாசிக்கச் சொல்லுங்கள். வாடி, சம்மாட்டி, வாடை, சோளகம் என்று சொற்கள் வரும். டெனிஸின் புத்தகத்தில் உள்ளதுபோல ஒரு கொப்பியில் பொருளை எழுதி வைக்கட்டும். ஆங்கிலத்தில் எழுதினாலும் பரவாயில்லை.

நெடுந்தீவுக் கதை பேசாலைக்குப் போயும் பிழைத்தது. நாங்கள் அதைவிடத் தூரம் வந்துவிட்டோம். பேச்சையாவது கையோடு வைத்திருப்போம்.