பேசித் தீர்க்க முடியாத பிள்ளையின் பங்கு

சுவிற்சர்லாந்தில் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பமொன்றில் கணவனும் மனைவியும் பிரிய நேர்ந்தால், நீதிமன்றத்துக்கு முன்பாகவே வேறொரு மன்று கூடிவிடுகிறது. இருபக்கத்து உறவினரும் ஊர்ச் சங்கத்துப் பெரியவர்கள் ஓரிருவரும் ஒரு வீட்டின் வரவேற்பறையில் அமர்ந்து "யாரில் பிழை?" என்று ஆராய்கின்றனர். தேநீர் ஆறும்வரை பேசிய பின்னர் சில வேளைகளில் இப்படியோர் இணக்கம் பிறக்கிறது: தாய் தாபரிப்புப் பணம் கேட்பதில்லை, தந்தை பிள்ளையைக் கேட்டு வருவதில்லை. குடும்ப மானம் காப்பாற்றப்பட்டுவிட்டது என்ற நிறைவோடு எல்லோரும் கலைந்து செல்கின்றனர். அந்த இணக்கத்துக்குச் சுவிஸ் சட்டத்தில் எவ்விதப் பெறுமதியும் இல்லை என்பதை அங்கு கூடியிருந்தோரில் எத்தனை பேர் அறிவர்?

பிழை யாரில் என்று கேட்கும் பழக்கம் தாயகத்திலிருந்து வந்தது. இலங்கையின் பொதுத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் இன்றும் பிறர்மனை நாடல், வன்மத்துடன் கைவிட்டுச் செல்லல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக் குறைவு ஆகியவற்றையே மணமுறிவுக்கான காரணங்களாக ஏற்கிறது. ஒருவரைக் குற்றவாளியாக்காமல் அங்கே மணமுறிவு இல்லை. சுவிற்சர்லாந்திலோ 2000 ஆம் ஆண்டு சனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் குற்றங் காணும் முறையையே கைவிட்டது. இருவரும் உடன்பட்டால் கூட்டாக விண்ணப்பிக்கலாம். ஒருவர் மறுத்தால், பிரிந்து வாழ்ந்த காலத்தைக் காட்டி மற்றவர் வழக்குத் தொடரலாம். முதலில் நான்கு ஆண்டுகளாக இருந்த அக்காலம் 2004 யூனிலிருந்து இரண்டு ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. ஆகவே வரவேற்பறை மன்று மணிக்கணக்கில் ஆராயும் வினாவை நீதிபதி பெரும்பாலும் கேட்பதே இல்லை. அவர் கேட்கும் முதல் வினாக்களுள் ஒன்று, பிள்ளைக்கு என்ன ஏற்பாடு என்பதாகும்.

தாபரிப்புப் பணம் மனைவிக்குக் கொடுக்கப்படும் பரிசும் அன்று, கணவனுக்கு விதிக்கப்படும் தண்டமும் அன்று. அது பிள்ளையின் உரிமை. சுவிஸ் குடியியற் சட்டத் தொகுப்பின் 287 ஆம் பிரிவின்படி, பிள்ளையின் தாபரிப்புப் பற்றிய ஒப்பந்தம் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையோ நீதிமன்றமோ ஏற்றுக்கொண்ட பின்னரே பிள்ளையைக் கட்டுப்படுத்தும். தாய் விட்டுக்கொடுத்தாள் என்பதற்காகப் பிள்ளை விட்டுக்கொடுத்ததாகிவிடாது. அவ்வாறே, பணம் கட்டவில்லை என்பதற்காகத் தந்தை பிள்ளையைச் சந்திக்கும் உரிமையை இழப்பதுமில்லை. சந்திக்க விடவில்லை என்பதற்காகத் தாபரிப்புக் கடன் தீர்ந்துவிடுவதுமில்லை. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்கும் இந்தப் பண்டமாற்று தந்தைமாருக்கும் இழைக்கப்படும் அநீதியே. 2014 யூலை முதல் பெற்றோர் இருவரது கூட்டுப் பொறுப்பே இந்நாட்டில் பொதுவிதியாக உள்ளது. பிள்ளையின் குரலுக்கும் இடமுண்டு: ஏறத்தாழ ஆறு வயதிலிருந்தே பிள்ளையை நேரில் கேட்கலாம் என்பது கூட்டாட்சி உயர்நீதிமன்றத்தின் நிலைப்பாடு. வரவேற்பறை மன்றில் பிள்ளை பக்கத்து அறையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கும்.

எழுத்தில் ஏதும் இல்லாமையால் ஏற்படும் இழப்பு பெரிது. தாபரிப்பு வழக்கொன்றில் எதிர்காலத்துக்கும், வழக்குத் தொடுப்பதற்கு முந்திய ஓராண்டுக்கும் மட்டுமே பணம் கோரலாம். ஐந்தாண்டுகள் வாய்மூடியிருந்த தாய் இன்று வழக்குத் தொடுத்தால் நான்கு ஆண்டுகளின் பணம் போனது போனதுதான். தீர்ப்போ ஏற்கப்பட்ட ஒப்பந்தமோ கையில் இருந்தால் நிலைமை வேறு. தந்தை கட்டத் தவறும்போது கெமைண்டே அல்லது மாநில அலுவலகம் அப்பணத்தை முற்பணமாகக் கொடுத்துப் பின்னர் அவரிடம் அறவிடும் முறை ஒன்று உண்டு. எவ்வளவு, யாருக்கு என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். அந்த முற்பணம் சமூக உதவிப் பணம் அன்று என்பது கவனிக்கத்தக்கது. வசதியிருந்தும் கட்டாதிருப்பவர் மீது குற்றவியல் முறைப்பாடும் செய்யலாம். சீட்டுக் காசு கட்டவேண்டியிருக்கிறது, ஊரில் தங்கைக்குச் சீதனம் சேர்க்கவேண்டியிருக்கிறது என்ற நியாயங்கள் வரவேற்பறையில் எடுபடலாம். நீதிமன்றத்தில் வயதுவராத பிள்ளையின் தாபரிப்புக்கே முதலிடம்.

கோயிலில் மட்டும் தாலி கட்டிக்கொண்டோரின் நிலை இன்னும் சிக்கலானது. பதிவுத் திருமணத்துக்கு முன்னர் சமயச் சடங்கு நடத்துவதையே சுவிஸ் சட்டம் அனுமதிப்பதில்லை. அத்தகைய பெண் சட்டத்தின் கண்ணில் மனைவி அல்லள். மனைவி என்ற முறையில் தனக்கென எதுவும் கோர முடியாது. ஆனால் தந்தைமை ஏற்கப்பட்டோ நிறுவப்பட்டோ இருந்தால் பிள்ளையின் உரிமையில் குறைவில்லை. 2017 முதல், பிள்ளையைப் பராமரிப்பதற்காக வேலையைக் குறைத்துக்கொண்ட பெற்றோரின் வாழ்க்கைச் செலவும் பிள்ளையின் தாபரிப்பில் சேர்க்கப்படுகிறது. பெற்றோர் மணம் புரிந்தவரா என்பது அங்கே பார்க்கப்படுவதில்லை.

இவ்வளவிருந்தும் பெண்கள் ஏன் வரவேற்பறையோடு நின்றுவிடுகின்றனர்? வதிவிட அனுமதி பறிபோய்விடும் என்ற அச்சமே முதன்மையானது. அது முழுவதும் ஆதாரமற்றதன்று. எனினும் மூன்று ஆண்டுகள் மணவாழ்வு நிலைத்து, இந்நாட்டுச் சமூகத்தோடு இணைந்து வாழ்ந்தவர் அனுமதியைத் தக்கவைக்கலாம். வீட்டு வன்முறைக்கு ஆளானோருக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு; 2025 சனவரி முதல் அப்பாதுகாப்பு பி அனுமதி உடையோரினதும் தற்காலிகமாக அனுமதிக்கப்பட்டோரினதும் துணைவருக்கும் விரிவாக்கப்பட்டுள்ளது. வசதியற்றோர் அரச செலவில் சட்டத்தரணியை அமர்த்தலாம். பின்னர் வசதி வந்தால் திருப்பிக் கொடுக்க நேரிடும்.

சுவிஸ் சட்டம் குறையற்றது என்று எவரும் கூறிவிட முடியாது. உணவகச் சமையலறையிலோ துப்புரவுப் பணியிலோ உழைக்கும் தந்தையின் ஊதியம் இரண்டு வீடுகளுக்குப் போதாது. அந்நிலையில் அவருடைய வாழ்க்கைக்குத் தேவையான ஆகக்குறைந்த தொகையில் கைவைக்கக் கூடாது என்பதே சட்டம். பற்றாக்குறை முழுவதும் பிள்ளையோடு இருக்கும் தாயின் தலையில் விழுகிறது. சமூக உதவியை நாடிச் செல்பவளும், அதனைத் திருப்பிச் செலுத்தும் கடப்பாட்டைச் சுமப்பவளும், அதன் பொருட்டு வதிவிட அனுமதி குறித்துக் கேள்விக்குள்ளாகுபவளும் அவளே. கூட்டாட்சி உயர்நீதிமன்றம் 2008 இல் இந்த ஒருபக்கச் சுமையை மாற்றாமல் விட்டது. அதனைச் சீர்செய்வது சட்டம் இயற்றுவோரின் பணி என்றது. நாடாளுமன்றம் 2015 இல் நிறைவேற்றி 2017 இல் நடைமுறைக்கு வந்த திருத்தமும் அச்சுமையைப் பகிரவில்லை. தமிழ் அமைப்புகள் வாக்குரிமை பெற்றுவிட்ட இளந்தலைமுறையோடு சேர்ந்து எழுப்பவேண்டிய கோரிக்கை இது.

அத்திருத்தம் தந்த சிறு ஆறுதல் ஒன்றுண்டு. பிள்ளைக்குத் தேவையான தொகையில் எவ்வளவு குறைகிறது என்பதைத் தீர்ப்பிலும் ஒப்பந்தத்திலும் எண்ணாகக் குறிப்பிடவேண்டும். தந்தையின் வருவாய் பின்னர் அசாதாரணமாக உயருமாயின், முந்திய ஐந்தாண்டுகளின் குறையைப் பிள்ளை கோரலாம். வரவேற்பறையில் பேசி முடித்தோரிடம் அந்த எண் இல்லை.