இடிக்கும் முன் ஒரு கணக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. பூர்வீக வீட்டைப் பாகம் பிரிக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களாவது கடைசி வரை படிக்க வேண்டுகிறேன்.

போன வாரம் லண்டனில் இருக்கும் என் மகன் வாட்ஸ்அப்பில் ஒரு வீட்டு விளம்பரம் அனுப்பினான். ஈஸ்ட் ஹாம் பக்கம் வாடகைக்கு இருக்கிறான். சொந்தமாக ஒன்று வாங்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். விளம்பரத்தின் இங்கிலீஷ் எனக்கு முழுக்கப் பிடிபடவில்லை. அவனிடமே கேட்டேன்.

"விக்டோரியா மகாராணி காலத்து வீடுப்பா. ஒரே குடும்பத்துக்காகக் கட்டினது. பின்னாடி அதை நாலு ஃபிளாட்டாப் பிரிச்சிட்டாங்க. அதுல ஒண்ணு விலைக்கு வருது. இடம் தாராளம், ஏரியாவும் கலகலன்னு இருக்கும். அதான் விலை அதிகம்" என்றான்.

எனக்கு ஒரே ஆச்சரியம். வீடு பழையது என்பதை முதல் வரியிலேயே பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். மச்சு உயரம், பழைய ஜன்னல், இப்போது தீ மூட்டாத கணப்பு அடுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் படம் போட்டிருக்கிறார்கள். விலையை நம் ரூபாயில் போட்டுப் பார்த்தேன். அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவில் பாதியை வாங்கிவிடலாம்.

அதே வாரத்தில்தான் எங்கள் வீட்டைப் பார்க்க ஒரு தரகர் வந்திருந்தார். தாத்தா பஞ்சு வியாபாரத்தில் சம்பாதித்துக் கட்டிய வீடு. தேக்குத் தூண், காரைச் சுவர், மெட்ராஸ் டெரஸ் கூரை. தரகர் உள்ளே வரவே இல்லை. திண்ணையில் உட்கார்ந்து டீயைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "சார், வீட்டுக்கு மதிப்பு ஒண்ணும் கிடையாது. மனைக்குத்தான் விலை. இடிக்கிற செலவைக் கழிச்சுத்தான் பார்ட்டி கொடுப்பாங்க."

இரண்டு நாள் கழித்துப் பழைய மரச் சாமான் வியாபாரி ஒருவர் வந்தார். அவர் மட்டும் உள்ளே போய் ஒவ்வொரு தூணையும் தட்டித் தட்டிப் பார்த்தார். மதிப்பே இல்லாத வீட்டில் அவருக்கு என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.

எங்கள் வீட்டுக்கு நான்கு வாரிசுகள். அண்ணன் மதுரையில், தம்பி சென்னையில், நான் உள்ளூரில். தங்கையைப் பந்தல்குடியில் கட்டிக் கொடுத்தோம். மச்சான் இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவளுக்கு இந்த வீட்டிலேயே வந்து இருக்க வேண்டும் என்று ஆசை. இந்தப் பதிவை நான் எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது கணக்குக்கு வருவோம். வாத்தியார் இல்லையா, கணக்குப் போடாமல் பேச வராது.

முகப்பு 30 அடி, நீளம் 100 அடி. மொத்தம் 3,000 சதுர அடி, ஏழு செண்டுக்குக் கொஞ்சம் குறைவு. நான்காகப் பிரித்தால் ஆளுக்கு 750 சதுர அடி. நீளவாக்கில் பிரித்தால் ஒவ்வொருவருக்கும் ஏழரை அடி அகலமும் நூறடி நீளமும் வரும். ஏழரை அடியில் இரண்டு பக்கச் சுவரைக் கழித்தால் ஒரு கட்டில் போட்டு ஆள் நடக்க முடியுமா? குறுக்குவாக்கில் பிரித்தால் முன்னால் இருப்பவருக்குத் தெரு கிடைக்கும். பின்னால் இருக்கும் மூவருக்கும் பாதை கிடையாது. பாதை விட்டால் எல்லார் பங்கும் குறையும். நம் ஊர்களில் ரயில் பெட்டி மாதிரி ஒல்லியாக நிற்கும் வீடுகளில் பல இப்படிப் பாகம் பிரித்து வந்தவைதான்.

ஆக, மனையைப் பிரித்தால் யாருக்கும் உருப்படியாக எதுவும் மிஞ்சாது. அதனால்தான் எல்லாரும் "இடிச்சு வித்துப் பணமாப் பிரிச்சுக்கலாம்" என்ற முடிவுக்கு வருகிறார்கள். எங்கள் வீட்டிலும் அதுதான் பேச்சு.

மகன் அனுப்பிய விளம்பரத்தைப் பார்த்த பிறகு நான் வேறு கணக்குப் போட்டேன். கீழே கட்டடம் 2,400 சதுர அடி, கொல்லை 600. மாடியில் 1,200. கட்டடம் மொத்தம் 3,600. இதில் நடை, முற்றம், மாடிப்படி ஆகியவற்றுக்குப் பொதுவாக 400 விட்டால் மீதி 3,200. நான்கால் வகுத்தால் ஆளுக்கு 800 சதுர அடி. கீழே இரண்டரைப் பங்கு வரும், மாடியில் ஒன்றரைப் பங்குதான் வரும். அதைச் சரிக்கட்ட மாடியில் 400 சதுர அடி கட்டினால் கீழே இரண்டு, மேலே இரண்டு என்று நான்கு வீடு வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் தனி அடுப்படி, தனிக் கக்கூஸ், தனி மின் மீட்டர். கீழே மிஞ்சும் இடம் பொதுவுக்கு. மனையில் ஆளுக்குப் பிரிக்கப்படாத கால் பங்கு. ஃபிளாட் வாங்குகிறவர்கள் யு.டி.எஸ். என்று சொல்வது இதைத்தான். வேண்டாதவர் தன் வீட்டை விற்றுக்கொள்ளலாம், அல்லது வாடகைக்கு விடலாம். தங்கைக்குத் தெருவோடு ஒட்டிய கீழ் வீடு. மருந்துக் கடை, பூ மார்க்கெட், கோயில், பஸ் ஸ்டாண்டு எல்லாம் நடந்து போகும் தூரம். அவள் பங்குப் பணத்துக்குப் பைபாஸ் தாண்டி ஒரு பிளாட் வாங்கலாம். அறுபது வயதில் தனியாக அங்கே போய் என்ன செய்வாள்?

அண்ணனிடம் இதைச் சொன்னேன். "ஒரே கூரைக்குக் கீழ நாலு சொந்தக்காரனா? தினம் சண்டைடா" என்றார்.

அவர் சொல்வதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கே அனுபவம் உண்டு.

1984-ல் முதல் வேலை. அப்போது இந்தப் பகுதி ராமநாதபுரம் மாவட்டம். திருச்சுழியில் ஒரு காம்பவுண்டு வீட்டில் குடியிருந்தேன். அதுவும் ஒரு காலத்தில் ஒரே குடும்பம் இருந்த பெரிய வீடுதான். ஏழு குடித்தனம், ஒரு கிணறு, ஒரு கக்கூஸ். ஒரு நாள் கிணற்றுக் கயிறு அறுந்துவிட்டது. புதுக் கயிறு ஒன்றும் பெரிய விலை இல்லை. ஆனால் யார் வாங்குவது என்று பத்து நாளுக்கு மேல் பேச்சு. அதிகமாக இறைப்பவர்கள் வாங்கட்டும் என்றார் ஒருவர். வீட்டுக்காரர்தான் வாங்க வேண்டும் என்றார் இன்னொருவர். அதுவரை ஆளுக்கொரு துண்டுக் கயிறு கொண்டுவந்து முடிச்சுப் போட்டு இறைத்தோம். கடைசியில் பென்ஷன் வாங்கும் பாட்டி ஒருவர் யாரிடமும் சொல்லாமல் வாங்கிப் போட்டார். நானும் அந்த ஏழு பேரில் ஒருவன். இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் வழியில் திருமேனிநாதர் கோயிலை ஒட்டிச் சுந்தர மந்திரத்தைத் தாண்டித்தான் போவேன். 1879 டிசம்பர் 30-ல் ரமண மகரிஷி பிறந்த வீடு. எங்கள் காம்பவுண்டைவிடப் பழைய வீடு. ஆனால் சுத்தமாக, உறுதியாக நிற்கும். காரணம் அதன் சுவர் மட்டுமல்ல. பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யாருடையது என்பது தெளிவாக இருக்கிறது. ரமணாசிரமம் பார்த்துக்கொள்கிறது. எங்கள் காம்பவுண்டில் கயிற்றுக்குக்கூடப் பொறுப்பாளி இல்லை.

ஆகவே அண்ணன் சொல்லும் சண்டை உண்மைதான். ஆனால் அது ஒரே கூரை என்பதால் வருவதில்லை. கூரை ஒழுகினால் யார் பார்ப்பது என்று எழுதி வைக்காததால் வருவது.

மகனிடம் இதைத்தான் துருவிக் கேட்டேன். அங்கே பிரித்த வீட்டை வாங்கும்போது பெரும்பாலும் 99 வருடம், 125 வருடம் என்று நீண்ட குத்தகையாகத்தான் வாங்குகிறார்கள். மனை வேறொருவர் பெயரில் இருக்கும். சில இடங்களில் குடியிருப்பவர்களே சேர்ந்து மனையையும் வாங்கி வைத்திருப்பார்கள். எப்படியானாலும் கூரை, வெளிச் சுவர், படிக்கட்டு, சாக்கடை ஆகியவற்றை யார் பழுது பார்ப்பது, செலவில் யாருக்கு எத்தனை பங்கு என்று பத்திரத்திலேயே இருக்கும். அங்கே எல்லாம் தேனும் பாலும் என்று நான் சொல்லவில்லை. மனைக்காரர்கள் வாங்கும் தரை வாடகை பெரிய புகாராகி, 2022-ல் வந்த சட்டம் புதிய குத்தகைகள் பெரும்பாலானவற்றில் அதைத் தடுத்தது. ஆனாலும் நூறு வருடத்துக்கு மேல் அந்த வீடுகள் நின்று விலை போகின்றன என்றால் அந்த எழுத்துக்கும் அதில் பங்கு உண்டு.

நமக்கும் இது புதிதல்ல. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் தனி அறை, தனிச் சமையல். முற்றமும் பட்டாசாலையும் பொது. பல வாரிசுகள் சேர்ந்து செலவைப் போட்டுக் காப்பாற்றிய வீடுகள் இன்றும் நிற்கின்றன. சில வீடுகள் கானாடுகாத்தானிலும் கடியாபட்டியிலும் ஹோட்டலாகி ஓடுகின்றன. 2014-ல் செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலிலும் இடம் பெற்றன. வாரிசுகள் ஒத்துப்போகாத வீடுகளின் தூணும் நிலையும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் சாத்தி வைக்கப்பட்டிருக்கின்றன.

பழைய வீடு என்றால் எல்லாமே உயர்வு என்று பேசுகிறவன் அல்ல நான். எங்கள் திண்ணையைத் தாண்டி உள்ளே வர எல்லாருக்கும் அனுமதி இருக்கவில்லை. என் அம்மா வாழ்நாளில் பெரும்பகுதியை வெளிச்சமில்லாத அடுப்படியில் கழித்தார். பிரித்துக் கட்டும்போது முதலில் மாற வேண்டியவை இவைதான். அடுப்படிக்கு ஜன்னல் வேண்டும். வீட்டை வாங்க வருகிறவரிடம் ஊர், சாதி கேட்கக் கூடாது.

கட்டடத்தைப் பற்றியும் நாலு வார்த்தை. நம் கரிசல் மண் மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும். அந்த மண்ணில் இத்தனை காலம் சுவர் விரியாமல் நிற்கும் வீட்டை இடிக்கும் முன் யோசிக்க வேண்டாமா? ஆனால் யோசித்தால் மட்டும் போதாது. உத்தரங்களில் கரையான் இருக்கிறதா என்று ஆசாரியை வைத்துப் பார்க்க வேண்டும். காரைச் சுவர் மேல் சிமெண்டு பூசக் கூடாது. ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும். தண்ணீர்த் தொட்டியைப் பழைய கூரை மேல் ஏற்றாமல் கொல்லையில் தனித் தூண் எழுப்பி வைக்க வேண்டும். மாடியில் புதிதாகக் கட்டும் முன் கீழ்ச் சுவர் தாங்குமா என்று பொறியாளர் சொல்ல வேண்டும். அவர் தாங்காது என்று சொன்னால் இடிப்பதுதான் சரி. அப்போது நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

சட்ட விஷயம் இரண்டு. 2005 வரை, குடும்பம் குடியிருக்கும் வீட்டைப் பிரித்துத் தரச் சொல்லிப் பெண் வாரிசு கேட்க முடியாது. ஆண் வாரிசுகள் பிரிக்கும் வரை காத்திருக்க வேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் அந்த 23-ஆம் பிரிவை 2005 திருத்தம் நீக்கியது. எனவே "தங்கச்சிக்கு ஏதாவது கொடுத்து அனுப்பிடலாம்" என்ற பேச்சே கூடாது. இன்னொன்று, ஒரு வாரிசு தன் பங்கை வெளியாளுக்கு விற்று, அந்த ஆள் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், மற்ற வாரிசுகள் அந்தப் பங்கை நீதிமன்றம் சொல்லும் விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். 1893-ஆம் வருடத்துப் பாகப்பிரிவினைச் சட்டத்திலேயே இது இருக்கிறது. ஒருவர் அவசரப்பட்டு விற்றாலும் மற்றவர்கள் பயந்துபோய்க் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

அடுக்குமாடி வீடுகளுக்கு 1994-ல் ஒரு சட்டமும் அதற்குப் பதிலாக 2022-ல் புதுச் சட்டமும் தமிழ்நாட்டில் வந்திருக்கின்றன. நான்கே வீடாக இருந்தாலும் நமக்குள் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளத் தடை இல்லை. நான் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதியிருக்கிறேன். கூரைச் செலவு நால்வருக்கும் சமம், மாடியில் இருப்பவருக்கு மட்டும் அல்ல. கிணறு, மோட்டார், சாக்கடை, படிக்கட்டு விளக்குக்கு மாதா மாதம் ஒரு தொகை, கூட்டுக் கணக்கில். முற்றத்தில் யாரும் அறை எழுப்பக் கூடாது. விற்பதானால் முதலில் மற்ற மூவருக்குச் சொல்ல வேண்டும், இத்தனை நாளுக்குள் அவர்கள் வாங்காவிட்டால் வெளியே விற்கலாம். கருத்து வேறுபாடு வந்தால் மூவர் சொல்வதே முடிவு.

தம்பியிடம் போனில் வாசித்துக் காட்டினேன். "வங்கியில பழைய கட்டடத்துக்கு லோன் தர யோசிப்பாங்கண்ணே, வாங்க ஆள் வருமா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. விலை குறைவாகத்தான் போகும். ஆனால் யாரும் வாங்காவிட்டாலும் நான்கு வீடு நம் கையில் இருக்கும். இடித்தால் அதுவும் இருக்காது என்றேன். "சரி, எழுதி அனுப்புங்கண்ணே, பார்க்கிறேன்" என்றிருக்கிறான். அண்ணன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. பொங்கலுக்கு எல்லாரும் வருகிறார்கள். அதுவரை தரகரைப் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தால், அட்வான்ஸ் வாங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்து வீட்டை அளந்து பாருங்கள். மனையைப் பிரித்தால் என்ன வரும், கட்டடத்தைப் பிரித்தால் என்ன வரும் என்று இரண்டு கணக்கையும் ஒரே தாளில் எழுதுங்கள். அந்தத் தாளை வீட்டுப் பெண்களிடமும் காட்டுங்கள். அதற்குப் பிறகும் இடிப்பதுதான் லாபம் என்றால் இடியுங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர், அருப்புக்கோட்டை