‘முடி கொட்டாத’ நாய்க்குட்டி: காசை நீட்டும் முன் உஷார்!

லேப்ரடாரையும் பூடுலையும் இணைத்தால் லேப்ரடூடுல். ‘முடி கொட்டாது, அலர்ஜி வராது’ என்று சொல்லியே தலையில் கட்டுகிறார்கள். உண்மை என்ன?

1989-ல் ஆஸ்திரேலியாவில் வாலி கான்ரான் என்பவர்தான் இதைப் பிரபலமாக்கினார். ஹவாயில் பார்வையற்ற பெண்ணுக்கு வழிகாட்டி நாய் தேவை. கணவருக்கோ நாய் அலர்ஜி. பிறந்த 3 குட்டிகளில் ஒன்றுதான் அவருக்கு ஒத்துக்கொண்டது.

கலப்புக் குட்டி என்றதும் வளர்க்க யாரும் முன்வரவில்லை. ‘லேப்ரடூடுல்’ என்று பெயர் வைத்ததும் கிராக்கி எகிறியது! கண்டவர்களும் காசுக்காக இனவிருத்தியில் இறங்க, ‘ஏன்டா ஆரம்பித்தோம்’ என்று கான்ரானே பின்னாளில் நொந்துபோனார்.

அலர்ஜியைக் கிளப்புவது முடி மட்டுமல்ல. எச்சிலும் தோல் செதிலும்தான். அது இல்லாத நாயே கிடையாது. சுருட்டை முடியை அடிக்கடி சீவாவிட்டால் சிக்குப் பிடிக்கும். அந்தச் செலவும் நம்ம தலையில்தான்.

வாங்கியே தீருவீங்களா? மத்திய அரசின் 2017 விதிப்படி 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது. தாய் நாயைக் காட்டச் சொல்லுங்க. அலர்ஜி உள்ளவரை அந்தக் குட்டியோடு பழகவிட்டுப் பாருங்க. விற்கிறவர் மழுப்பினால் நடையைக் கட்டுங்க.

நம்ம தெருக்குட்டியும் கலப்புதான். அதுக்கு விலை கிடையாது. தடுப்பூசி போட்டு வளர்த்தால் வீட்டைக் காக்கும்!